தலைச்சன் பிறக்க வேண்டிய ஊர்

1

ஊரிலிருந்து எனக்கு வரும் காகிதங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான். "தியாகு டாக்டர் படிப்பில் சேர்ந்துவிட்டானா?" மைத்துனர் கேட்கிறார், சித்தப்பா கேட்கிறார், எனக்கு முகமே ஞாபகமில்லாத ஒரு கணக்குப்பிள்ளை கேட்கிறார். சேரவில்லை ஐயா, சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை ஒரே தடவையாக இந்தப் பத்திரிகையில் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு இனிமேல் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். கேட்டால் பதில் போடமாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கிடங்கில் கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. வந்து இறங்குகிற மூட்டைகளையும் ஏற்றுகிற மூட்டைகளையும் எழுதுவது வேலை. வீடு சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எருமைக் கொட்டில்கள் இருக்கிற பக்கம். காலையில் பால்காரர்கள் போடுகிற கூச்சலில் எழுந்திருப்போம். இப்போது ரோட்டில் டிராம் வேறு ஓடுகிறது. அது மணி அடித்துக்கொண்டு வர, எருமை நகராமல் நிற்க, டிராம்காரன் மலாயில் திட்ட, எருமைக்காரர் தமிழில் திருப்பித் திட்ட, தினமும் நமக்கு இலவச நாடகம்.

தியாகு என் தலைச்சன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவனை டாக்டராக்குவது என்று தீர்மானித்துவிட்டேன். அது பேராசை இல்லை. ஊரிலிருந்து கப்பல் வந்தால், இறங்குகிற நம் ஜனங்களை வரிசையில் நிறுத்தி, நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டு என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் மலாயில் அதட்டுவார்கள். அவர்கள் சொல்வது இவர்களுக்குப் புரியாது. காய்ச்சலா, கடல் மயக்கமா என்று இவர்கள் சொல்வது அவர்களுக்குப் புரியாது. எனக்கு வயிறு எரியும். அந்த இடத்தில் நம் பாஷை தெரிந்த ஒருவன் நின்றால் எப்படி இருக்கும்? அந்த ஒருவன் என் பையனாக இருக்கக் கூடாதா?

2

இந்த ஊரில் படிப்பு ஒரு வரிசை. முன்னால் போய் நிற்காதவனுக்கு இடம் கிடையாது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பிள்ளையை ஒன்பது, பத்து வயது வரைக்கும் வீட்டில் வைத்துக்கொண்டு, "தமிழ் நாலெழுத்து வரட்டும், இங்கிலீஷுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். அப்புறம் கொண்டுபோய்ச் சேர்த்தால், மீசை முளைக்கிற வயதில் சீனக் குழந்தைகளோடு பூனை, நாய் என்று படம் பார்த்துப் படிக்க வேண்டும். வெட்கப்பட்டு நின்றுவிடுவான். நான் அப்படி விடவில்லை. ஆறு வயதில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். சாயங்காலம் தமிழ் வாத்தியார். இன்ன வருஷம் இன்ன வகுப்பு, இன்ன வயதில் இன்ன பரீட்சை என்று எனக்கு மனப்பாடம். கிடங்கில் என்னைக் கேலி செய்வார்கள். "என்னய்யா, பையனுக்கு எந்த வருஷம் கல்யாணம்னும் எழுதி வச்சிட்டியா?"

பெரிய பரீட்சையின் கேள்விகள் சீமையிலிருந்து கப்பலில் வரும். பிள்ளைகள் எழுதின விடைகள் மறுபடியும் கப்பலேறிச் சீமைக்குப் போகும். தியாகு எழுதின வருஷம் அந்தப் பெட்டியை ஏற்றின கப்பல் துறையை விட்டு நகர்கிற வரைக்கும் நான் வேலையைப் போட்டுவிட்டு வெயிலில் நின்றேன். தந்தியில் முடிவு வந்தது. பாஸ், அதுவும் நல்ல பாஸ். தையல்நாயகி (என் சம்சாரம்) தெருவில் இருந்த எல்லாருக்கும், எருமைக்காரர்கள் உள்பட, சர்க்கரை கொடுத்தாள்.

இங்கே புதிதாக ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள். என் சம்பளத்தில் அதன் வாசலைத்தான் பார்க்கலாம். ஆனால் ஒரு வியாபாரி விட்டுப்போன தர்மச் சொத்திலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். தலைமை வாத்தியாரே சிபாரிசு செய்தார். நானும் தியாகுவும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். ஒரு வெள்ளைக்காரத் துரையும் ஒரு சீனப் பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். கணக்குக் கேட்டார்கள், சொன்னான். ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள், சொன்னான். துரை சிரித்துக்கொண்டே கடைசியாகக் கேட்டார், "எங்கே பிறந்தாய்?"

"நாகப்பட்டினம் பக்கம், சார்," என்றான் என் பிள்ளை. உண்மையைச் சொன்னான்.

துரை சீனப் பெரியவரைப் பார்த்தார். அந்த தர்மம் இந்தத் தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டுமாம். வியாபாரி அப்படி எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனாராம். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினேன். பால்குடிப் பிள்ளையாக வந்தவன் சார், அப்புறம் இந்தத் தீவை விட்டு ஒரு நாள் வெளியே போனதில்லை சார், ஊர் எந்தத் திசை என்றுகூட அவனுக்குத் தெரியாது சார். துரை நல்ல மனிதர். எழுந்து நின்று கை கொடுத்தார். கை கொடுத்து அனுப்பிவிட்டார்.

3

ஏன் நாகப்பட்டினம் பக்கம் பிறந்தான்? நாங்கள் அப்போது இங்கேதான் குடித்தனம் இருந்தோம். தையல்நாயகிக்கு இங்கேதான் மாதம் தள்ளிப்போயிற்று. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? மாமியாரிடமிருந்து காகிதம் மேல் காகிதம். வளைகாப்பைப் போட்டு, வாந்தி எடுக்க எடுக்கக் கப்பலில் ஏற்றி அனுப்பினேன். அங்கே பெற்று, குழந்தைக்கு முகம் பார்க்கத் தெரிந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. சீனர்கள் வீட்டில் அப்படி அனுப்புவதில்லை, மலாய்க்காரர்கள் வீட்டில் ஆத்தாள் அடுத்த கம்போங்கில், அதாவது அடுத்த கிராமத்தில், இருப்பாள். கடல் தாண்டிப் போய்ப் பெற்றுக்கொண்டு வருகிறவர்கள் நாம்தான். இரண்டாவது பிள்ளை கமலம் இங்கேயே பிறந்தாள், இரண்டாவதற்குத் தாய்வீடு கணக்கில்லையே.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. தியாகுவை நீங்கள் பார்த்தால் உங்கள் ஊர்க்காரன் என்று சொல்லமாட்டீர்கள். சிநேகிதர்களோடு மலாய், படிப்பது இங்கிலீஷ், என்னோடு பேசும்போதுதான் தமிழ், அதிலும் பாதி மலாய். "அப்பா, மக்கான் ஆயிடுச்சா?" என்று கேட்பான், சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். கத்துவேன். "சாரி லா அப்பா" என்பான், அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால். ஊரைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வான். இப்படி ஊரே தெரியாமல் வளர்ந்த பிள்ளையை, நீ அந்த ஊர்க்காரன், உனக்கு இல்லை என்று இந்த ஊர் சொல்லிவிட்டது. அவன் அழவில்லை. திரும்பி வரும்போது டிராமில், "விடுங்கப்பா, ஆபீஸ்ல சேர்றேன்" என்றான். நான்தான் அழுதேன். இப்போது ஒரு வக்கீல் ஆபீசில் எழுதப் போகிறான்.

4

இது நடந்து ஒரு வருஷம் ஆன சமயத்தில் பக்கத்து வீட்டில் வளைகாப்பு வந்தது. கோவிந்தசாமி என்னோடு கிடங்கில் வேலை பார்க்கிற பையன். என்னை அண்ணன் என்பான். அவன் பெண்டாட்டி அலமேலு சின்னப் பெண், சிங்கப்பூருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. தலைப்பிரசவம். அவள் அம்மா திருவாரூர்ப் பக்கம் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்ததும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். துணைக்கு ஊருக்குப் போகிற ஒரு செட்டியார் வீட்டு அம்மாளையும் பேசி வைத்திருந்தார்கள்.

கையெல்லாம் வளையலோடு அலமேலு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகிற சந்தோஷம் முகத்தில் வழிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோவிந்தசாமியைத் தின்னத் தின்னப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, என் வீட்டுக் கதை உனக்குத் தெரியாதா? கண்ணால பார்த்துட்டும் அதே கிணத்துல போய் விழறியா?"

"அதுக்கில்லண்ணே, அவங்கம்மா..."

"இவ இனிமே எத்தனை பிள்ளை பெத்தாலும் அவங்கம்மா பார்க்கட்டும். இந்தத் தலைச்சன் இங்க பிறக்கட்டும். இங்க பிறந்தாதான் இந்த ஊருப் பிள்ளை. நாளைக்கு எல்லாக் கதவும் திறக்கும். பள்ளிக்கூடத்தை ஆறு வயசுல யோசிக்கிறவன் முட்டாள்டா. நானே அந்த முட்டாள். வயித்துல இருக்கும்போதே யோசிக்கணும்."

நன்றாகத்தான் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். கோவிந்தசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தான். அலமேலு என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்கவில்லை, தையல்நாயகி கவனித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "உங்க பிள்ளை விஷயத்துல வந்த கோபத்தை அந்தப் பொண்ணு தலையில இறக்கிட்டு வந்தீங்களே" என்றாள். நியாயத்தைச் சொன்னேன் என்றேன். "நியாயம்தான். பெக்கப் போறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தசாமி வந்தான். டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறானாம். அலமேலு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, உங்க பேச்சைக் கேப்பா" என்றான். அவளும் கூட வந்திருந்தாள், தையல்நாயகியோடு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். என் எதிரில் அவள் நேராகப் பேசியதே கிடையாது.

"அண்ணி, அண்ணங்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போய்க் கேளேன். கடிச்சா திங்கப் போறாரு?" என்றாள் என் சம்சாரம்.

வெளியே வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"நான் இங்கயே பெத்துக்கிட்டா பிள்ளை டாக்டராயிடும்ங்கறீங்களா, அண்ணே?"

"ஆயிடும்னு யாரும்மா சொல்ல முடியும்? போறதுக்கு வழி இருக்கும்ங்கறேன்."

"சரி, வழி இருக்கும். பொண்ணாப் பொறந்தா?"

கோவிந்தசாமி குறுக்கே புகுந்தான். "ஜோசியர் பையன்னுதானே சொல்லியிருக்காரு."

"நான் ஜோசியரைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்," என்று அவன் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா முகத்தைப் பார்க்காம, இந்த ரூம்ல, பாஷை தெரியாத மருத்துவச்சி கையில நான் பெக்கப் போறேன். செத்தாலும் சாவேன். அது எதுக்காகன்னு தெரியணும்ல? பொண்ணாப் பொறந்தா அதையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்களா? பெரியவளானதும் வீட்டுல உக்கார வச்சிட மாட்டீங்களே? அனுப்புவேன்னு சொல்லுங்க, நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா எங்கம்மாகிட்ட போறேன்."

அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா? "அண்ணன் எப்படிச் சொல்றாரோ அப்படி" என்று பழியைத் தூக்கி என் தலையில் போட்டான்.

"அப்போ அண்ணனே சொல்லட்டும். கமலம் இங்கதானே பொறந்தா?"

கமலம் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்குப் பதினோரு வயது. மிஷன்காரர்கள் நடத்துகிற பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அடுத்த வருஷத்தோடு நிறுத்திவிடுவது என்று நானும் தையல்நாயகியும் பேசி வைத்திருந்தோம். ஊரில் என் அக்காவுக்கு ஒரு பையன் இருக்கிறான். மேற்கொண்டு சொல்ல வேண்டாம், உங்களுக்கே புரியும். தியாகுவுக்காக இத்தனை வருஷம் போட்ட திட்டத்தில் கமலத்தின் பெயர் ஒரு இடத்திலும் கிடையாது. அவனுக்கு எது இல்லை என்று நான் டிராமில் அழுதேனோ, அது இவளுக்குப் பிறந்த அன்றைக்கே இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டாமா?

தையல்நாயகி என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்புவேன்," என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. அவளுக்குக் கேக்கட்டும்."

"கமலம் படிக்கிற வரைக்கும் படிப்பா. நான் நிறுத்தமாட்டேன்."

அக்கா, இதைப் படித்து நீ கோபப்படுவாய் என்று எனக்குத் தெரியும். கோபப்படு. சொன்ன சொல்லை மாற்றமாட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த தியாகு எழுந்து வந்தான். "கணக்கு நான் சொல்லித் தரேன் லா, அப்பா" என்றான். அந்த வைத்தியப் பள்ளிக்கூடத்தில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை அவன்தான் சொன்னான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த தர்மச் சம்பளத்தைப் பெண்களுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டேன். "கொடுக்கணும்னு எழுதல, கொடுக்கக் கூடாதுன்னும் எழுதல" என்றான். வக்கீல் ஆபீசில் இருக்கிறவன் அல்லவா!

கோவிந்தசாமி தன் பங்குக்கு, "சரி, நானும் அனுப்பறேன்" என்று முனகினான். அலமேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ டிக்கெட்டை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

6

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. மத்தியானம் ஆயிற்று, பிள்ளை வரவில்லை. கம்போங்கிலிருந்து வந்த மலாய் மருத்துவச்சி கெட்டிக்காரிதான், இந்தப் பக்கத்துப் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள். தையல்நாயகி அவள் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். நானும் கோவிந்தசாமியும் வேலைக்குப் போகவில்லை, தெருவில் நின்றோம்.

அலமேலு கத்தினாள். எல்லாப் பெண்களும் கத்துவார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் இவள் சாமியைக் கூப்பிடவில்லை, புருஷனைக் கூப்பிடவில்லை. "அம்மா, நீ வாம்மா, அம்மா, நீ வந்துடும்மா" என்று இதையேதான். தெருவெல்லாம் கேட்டது. எருமைக்காரர் ஒருவர் பாலைக் கறந்தபடியே, "ஏன், தாயார் இல்லையா அந்தப் பொண்ணுக்கு?" என்று என்னைக் கேட்டார். இருக்கிறாள் என்றேன். "அப்புறம் ஏன் வரல?" என்றார். நான்தான் போகவிடவில்லை என்பதா? இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தாயாரின் முகத்தில் எப்படி முழிப்பேன்? எந்தப் படிப்பும் வேண்டாம், உபகாரச் சம்பளம் நாசமாய்ப் போகட்டும், இந்தப் பெண் பிழைத்தால் போதும் என்று நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். கோவிந்தசாமி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்மேல் அவனுக்குக் கோபம் இருந்திருந்தால் தேவலை.

சாயங்காலம் டிராம் கூட்டம் வருகிற நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது. தையல்நாயகி வெளியே வந்தாள். வியர்வையில் குளித்திருந்தாள். "பொண்ணு," என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கோவிந்தசாமி சிரித்தான். இதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடிகூட முகம் சுருங்கவில்லை. "டாக்டரம்மா வந்துட்டாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

7

நேற்று குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். அலமேலு தேறிவிட்டாள், பேச்சும் தேறிவிட்டது. இப்போதெல்லாம் என்னிடம் நேராகவே பேசுகிறாள். தியாகுவைப் பிடித்து எந்தப் பள்ளிக்கூடம், எந்த வயதில் சேர்ப்பார்கள் என்று விசாரித்தாயிற்று. கமலத்தை அனுப்புகிறேனா என்று காலையில் வாசலில் நின்று பார்க்கிறாள். அனுப்பத்தான் செய்கிறேன்.

நான் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கூப்பிட்டாள்.

"எழுதுங்கண்ணே, நல்லா எழுதுங்க. ஆனா நான் அம்மா அம்மான்னு கத்தினதை எழுதிடாதீங்க. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படிச்சுக் காட்டிடுவாங்க. நான் இங்க சுகமா பெத்தேன்னு காகிதம் போட்டிருக்கேன்."

எழுதவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உட்கார்ந்து, தாய்வீட்டுப் பிரசவம் கூடாது, பெண்களை ஊருக்கு அனுப்பாதீர்கள், வருங்காலத்தை யோசியுங்கள் என்று பெரிய உபதேசமாக எழுத ஆரம்பித்தேன். வரவில்லை. என் காதில் அந்தக் கூப்பாடுதான் இருக்கிறது. பிள்ளை இங்கே பிறக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் பெண்ணுக்குத் தாயும் வேண்டும். பெண் கடல் தாண்டலாம் என்றால் தாய் தாண்டக்கூடாதா? வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கப்பலில் ஏற்றுகிறோமே, நன்றாக நடமாடுகிற பெற்றவளை ஏற்றினால் என்ன? இத்தனை வருஷமாக இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

அலமேலு, என்னை மன்னிச்சிரும்மா. எழுதிட்டேன்.

திருவாரூர்ப் பக்கத்தில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அவள் அம்மாவை உட்கார வைத்து இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பெண் உன்னைத்தான் கூப்பிட்டாள் என்று சொல்லுங்கள். அப்படியே நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றிவிடுங்கள். துறைமுகத்தில் நான் நிற்பேன்.